எலிக்கு ஏது பட்டா?

டெல்டாவில் எலி பெருத்துப்போனதற்கு மழை மீதும் மேட்டூர்த் தண்ணீர் மீதும் பழி போட்டுக்கொண்டிருக்கிறோம். வளர்த்துவிட்டது நாம்தான்.

எலிக்கு வேண்டியது தண்ணீர் ஏறாத, அகலமான மண். அதனால்தான் வரப்பை ஒன்றரை அடிக்கு மேல் விடாமல் செதுக்கி, புல்லைச் சீவி வைத்தார்கள் முன்னோர். ஆள் கூலி ஏறியதும் நாம் முதலில் கைவிட்டது அந்த வேலையைத்தான். வளை வாயில் புதுமண் குவிந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போகிறோம். பயிர் சூல் கட்டும்போது நடுவயலில் தூர் தூராக நறுக்கிக் கிடக்கும். அப்போதுதான் மருந்துக்கடைக்கு ஓட்டம்.

வாங்கி வந்ததை அன்று ராத்திரியே வைத்துவிடுகிறோம். துத்தநாக பாஸ்பைடு ஒரு பங்கு, இரை 49 பங்கு; அதற்கு முன் இரண்டு மூன்று நாள் வெறும் இரையைத் தின்னவிட்டுப் பழக்க வேண்டும். பழக்காமல் வைத்தால், லேசாகக் கொறித்து வயிறு கலங்கிய எலி மறுபடி அந்த இரையைத் தொடாது. நாமோ மருந்து போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறோம்.

முறையாக வைத்தாலும் அவரவர் வயலில் மட்டும்தான். மூன்று வாரச் சினையில் ஓர் ஈற்றுக்கு ஆறு, எட்டு குட்டி போடும் பிராணிக்குப் பக்கத்து வயல் என்ன தூரம்?

எலி பிடிக்கும் கிட்டிக்காரர்களை நாம் நடத்திய விதத்தையும் சொல்லியாக வேண்டும். மூங்கில் வில்லை வளைத்துக் கயிறு பூட்டி, இரை வைத்து, பொழுது சாயும்போது வரப்போரம் வரிசையாக ஊன்றிவிட்டுப் போவார்கள். விடியலில் கழுத்து இறுகிச் செத்த எலிகளைக் களத்தில் கொட்டி எண்ணிக் காட்டுவார்கள். நஞ்சு கிடையாது, செத்த எலியைத் தின்று எந்தக் கூகையும் சாகாது. அந்த எண்ணிக்கையிலும் சந்தேகப்பட்டு, எலிக்கு இவ்வளவு என்று பேசிய காசிலும் பிடித்தோம். அவர்கள் பிள்ளைகள் திருப்பூர் பஸ் ஏறியதில் என்ன ஆச்சரியம்?

சாரைப்பாம்பைக் கண்ட இடத்தில் அடித்தோம். கூகை அலறினால் சாவு விழும் என்று கல்லெறிந்தோம். அது வந்து உட்கார வயலில் நாலு குச்சி நடச் சொன்னால் சிரித்தோம்.

இதற்கெல்லாம் மேலே, எலிக்கென்று வரப்பில் மின்கம்பி இழுத்தோம். இருட்டில் மடை திறக்கப் போன மனிதர்கள் அதில் செத்திருக்கிறார்கள். கம்பி கட்டியவரே மாண்டதும் உண்டு. செய்தியைப் படித்து உச்சுக் கொட்டினோமே தவிர, பக்கத்துக் கொல்லையில் ஓடும் கம்பியைக் கழற்று என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் கோடையில் எலிக்குத் தீனி குறைவு. வளையும் கண்ணுக்குத் தெரியும். இந்தக் கோடையில் உங்கள் வாய்க்கால் பாசனக்காரர்கள் அத்தனை பேரையும் ஒருநாள் உட்காரவையுங்கள். ஒரே வாரத்தில் எல்லா வரப்பையும் வெட்டுங்கள். கிட்டிக்காரர் யாராவது மிச்சமிருந்தால், அவர் கேட்கும் கூலியைக் கொடுத்துக் கூப்பிடுங்கள்.