கிட்னி நரம்பைச் சுட்டா பிபி மாத்திரையை நிறுத்திடலாமா?

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவுல தினமும் வாக்கிங் போற ஒரு ஐயா, வயசு 58. போன வாரம் எங்க ஓபிக்கு வந்தார். பிபி 180/110.

"மாத்திரையை நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு டாக்டர். கிட்னிக்குப் போற நரம்பைச் சுட்டுட்டா பிபியே போயிடுமாமே? அதைப் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

உங்க வீட்டுலயும் யாராவது இப்படி யோசிக்கலாம். அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்ல, அப்படி ஒரு சிகிச்சை நிஜமாவே இருக்கு. பேரு ரீனல் டினர்வேஷன். சிறுநீரக ரத்தக்குழாயைச் சுத்தி சிம்பதெடிக் நரம்புகள் படர்ந்திருக்கு. அதுங்க அளவுக்கு மீறி வேலை செஞ்சா உப்பும் தண்ணியும் உடம்புல தங்கும், பிபி ஏறும். தொடை ரத்தக்குழாய் வழியா மெல்லிய குழாயை விட்டு, அந்த நரம்புகளைச் சூட்டால செயலிழக்க வைப்பாங்க. 2023 நவம்பர்ல அமெரிக்காவின் எஃப்டிஏ இதுக்கான ரெண்டு கருவிகளுக்கு அனுமதி கொடுத்தது.

சரி, வருஷக்கணக்கில் பலன் நிக்குமா?

2022-ல் லான்செட் இதழில் வந்த ஸ்பைரல் ஆய்வு ஒண்ணு. பிபி மாத்திரை சாப்பிடுற 80 பேர். மூணு வருஷம் கழிச்சு 24 மணி நேரம் அளந்த மேல் அளவு, சிகிச்சை எடுத்தவங்களுக்கு 18.7 குறைஞ்சது. போலி சிகிச்சை எடுத்தவங்களுக்கு 8.6. அதாவது சிகிச்சையால கூடுதலா கிடைச்சது 10 புள்ளி. நல்ல பலன்தான். பாதுகாப்புப் பிரச்சினையும் பெரிசா வரலை.

ஆனா கவனிங்க. அவங்க மாத்திரையோட சேர்த்துதான் இதை எடுத்தாங்க. மாத்திரைக்குப் பதிலா இல்லை.

இன்னொண்ணு. 2014-ல் வந்த சிம்ப்ளிசிட்டி 3 ஆய்வுல 535 பேர். ஆறு மாசத்துல சிகிச்சை எடுத்தவங்களுக்கு பிபி 14 புள்ளி குறைஞ்சது. நரம்பைத் தொடாம வெறும் படம் மட்டும் எடுத்தவங்களுக்கும் கிட்டத்தட்ட 12 குறைஞ்சது! எப்படி? ஆய்வுல இருக்கோம்னு ஒழுங்கா மாத்திரை போட்டிருப்பாங்க என்பது முக்கியமான ஒரு விளக்கம்.

என் கருத்தும் இதுதான். தமிழ்நாடு அரசின் 2020 ஸ்டெப்ஸ் ஆய்வுப்படி, பிபி உள்ளவங்கள்ல வெறும் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுப்பாட்டுல இருந்தது. மத்தவங்களுக்கு இப்ப தேவை நரம்பைச் சுடுறது இல்லை. விடாம மாத்திரை, குறைவான உப்பு. பக்கவாதமும் மாரடைப்பும் குறையும்னு நிரூபிச்சது மாத்திரைதான். டினர்வேஷனுக்கு அந்த நிரூபணம் இன்னும் வரலை.

அப்ப இது யாருக்கு? நீர் பிரியுற மாத்திரை உட்பட மூணு மருந்தைச் சரியா சாப்பிட்டும் பிபி அடங்காதவங்களுக்கு. அதுவும் வேற காரணம் இல்லைன்னு உறுதி பண்ணின பிறகு.

நம்ம ஐயாவுக்குக் காரணம் இருந்தது. மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்ல தானே வாங்கித் தினமும் போட்ட வலி மாத்திரை. அதுவும் பிபியை ஏத்தும். கூடவே தினமும் ஊறுகாய், அப்பளம். வலி மாத்திரையை நிறுத்தி, பழைய பிபி மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சு அனுப்பினேன்.

தி.நகரோ அடையாறோ, பக்கத்து மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துல பிபி பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். 2021-ல் ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்தும் தர்றாங்க.

புது சிகிச்சை பத்தி தாராளமா கேளுங்க. ஆனா அதுக்காகக் காத்திருந்து இன்னைக்கு ராத்திரி மாத்திரையை விட்டுடாதீங்க. பக்கவாதம் நமக்காகக் காத்திருக்காது.