வெட்டிய படத்துக்குள் இருந்த பெரியத்தை



குடும்ப மலருக்குப் பழைய போட்டோ கேட்டிருந்தேன். அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. ஆனால் பாதிக்கு மேல் வேர்ட் கோப்புக்குள் ஒட்டித்தான் வந்திருக்கின்றன. அதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

அவற்றில் ஒன்று, இளையாத்தங்குடி வீட்டுத் திண்ணையில் ஐயாவும் அப்பத்தாவும் உட்கார்ந்திருக்கும் படம். அசல் போட்டோவைச் செல் அரித்துவிட்டது. ஸ்கேன் செய்தது பழைய கம்ப்யூட்டரோடு போயிற்று. மிச்சம், பத்து வருடத்துக்கு முன் நம்மில் யாரோ தயாரித்த ஒரு வேர்ட் கோப்பு மட்டும்.

"ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிடுங்க சார், போதும்" என்றார் ஒரு மாணவர். போதாது தம்பி. ஸ்கிரீன்ஷாட்டில் வருவது திரையில் தெரிகிற அளவுதான். கோப்புக்குள் இருக்கும் படம் அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

2007-இல் வந்த வேர்டிலிருந்து, 'டாக்எக்ஸ்' என்று முடியும் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. கோப்பை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நகலின் பெயரில் கடைசியில் உள்ள 'டாக்எக்ஸ்' என்பதை 'ஜிப்' என்று மாற்றித் திறங்கள். 'வேர்ட்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'மீடியா' என்று இன்னொன்று. படங்கள் எல்லாம் அங்கே வரிசை எண்ணோடு இருக்கும். பழைய 'டாக்' கோப்பாக இருந்தால் முதலில் 'சேவ் அஸ்' கொடுத்துப் புது வடிவத்துக்கு மாற்றுங்கள். கூகுள் டாக்ஸில் இருந்தால் வேர்ட் கோப்பாக இறக்கிக்கொண்டு இதையே செய்யலாம்.

அப்படித் திறந்தபோதுதான் அசந்துபோனேன். பக்கத்தில் இரண்டு பேர் இருந்த படம், மீடியா ஃபோல்டரில் மூன்று பேராக இருந்தது. தூணை ஒட்டி வெள்ளைப் புடவையில் ஐயாவின் அக்கா, நம் பெரியத்தை. சின்ன வயதிலேயே தாலி இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவர். நல்ல காரியத்துக்குப் போடும் படம் என்று யாரோ அவரை வெட்டியிருக்கிறார்கள். வேர்டில் 'கிராப்' செய்தால் அந்தப் பகுதி மறைகிறதே தவிர, அழிவதில்லை. பத்து வருடமாக அவர் அந்தக் கோப்புக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார்.

மலரில் முழுப் படம்தான் வரும். மங்கலம் அமங்கலம் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அவர் கையால் சோறு உண்டு வளர்ந்த பிள்ளைகளின் வம்சம்தான் இன்று மலர் போடுகிறது.

இதே விஷயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆதார் அட்டையை வேர்டில் ஒட்டி, எண்ணை மட்டும் கிராப் செய்து அனுப்பினால், வாங்கியவர் அந்த எண்ணைத் திரும்ப எடுத்துவிட முடியும். 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' போய் வெட்டிய பகுதிகளை நீக்கச் சொல்லிவிட்டு அனுப்புங்கள். போனிலேயே வெட்டி, தனிப் படமாகச் சேமித்து, பிறகு ஒட்டுவது இன்னும் நல்லது.

சரி, எல்லாம்தான் உள்ளே இருக்கிறதே, வேர்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று நினைக்காதீர்கள். சேமிக்கும்போது வேர்ட் படத்தைச் சுருக்கிவிடும். வழக்கமான அளவு அங்குலத்துக்கு 220 புள்ளி. 3 அங்குல அகலத்தில் ஒட்டிய படத்தில் மிஞ்சுவது 660 புள்ளிதான். அதே படத்தை 8 அங்குலத்தில் தெளிவாக அச்சிட 2400 வேண்டும். பெரியத்தையின் முகம் கலங்கலாகத் தெரிவது அதனால்தான். போன தெளிவு திரும்பி வராது.

நம் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா புத்தகத்தோடு நோட்டீஸையும் கல்யாணப் பத்திரிகையையும்கூடத் தூக்கிப் போடாமல் சேர்த்துவைத்தார். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையிலேயே நூலகமாக்கியது. அவர் அளவுக்கு நம்மால் முடியாது. நம் வீட்டு அசலையாவது காப்பாற்றலாமே.

ஆகவே, படத்தைப் படமாகவே அனுப்புங்கள். வாட்ஸ்அப் என்றால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், சுருங்காது. யார், எந்த ஊர், எந்த வருடம் என்று கூடவே எழுதுங்கள். கோப்பைத் திறக்கத் தெரியாவிட்டால் போன் போடுங்கள், சொல்லித்தருகிறேன்.

கடைசியாக ஒன்று. படத்தின் கீழே பெயர் போட வேண்டும். எல்லோரும் 'பெரியத்தை' என்றே கூப்பிட்டுவிட்டோம். அவருடைய சொந்தப் பெயர் யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள்.