அப்பாவைப் பெங்களூருக்குக் கடத்தாதீங்க!

மக்களே, இந்தப் பதிவு நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கு. மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டின்னு அங்கிட்டு எங்கயோ பொறந்து, இஞ்சினியரிங் முடிச்சு, இப்ப பெங்களூருல ஆணி புடுங்கிட்டு இருக்குற ஆளுகளுக்கு. வையணும்னு தோணுச்சுன்னா பின்னூட்டப் பெட்டி திறந்தேதான் இருக்கு :-)

நம்ம கூட்டத்துல ஒரு வழக்கம் இருக்கு. அப்பா ரிட்டயர் ஆவார். நாம கடனை வாங்கி ஒரு ஃபிளாட் வாங்குவோம். உடனே பாசம் பொங்கும். "அங்க தனியா கெடந்து என்ன செய்யப் போறீங்க, இங்க வந்துருங்க." ஊர் வீட்டைப் பூட்டி, இல்லாட்டி வித்து, ரெண்டு பேரையும் ஒன்பதாவது மாடியில கொண்டாந்து வச்சுருவோம். சொந்தக்காரங்களும் "தங்கமான புள்ள"ன்னு சர்டிபிகேட் குடுத்துருவாங்க.

என் கட்சி இது: நல்லா நடமாடிக்கிட்டு இருக்குற மனுசரை இப்படி வேரோட பிடுங்கிட்டு வர்றது பாசம் இல்ல. அவர் உடம்புக்கு நாம செய்யுற கெடுதல்.

மதுரையில அவர் பொழுது எப்படிப் போகும்? வெள்ளனே எந்திரிச்சு தெப்பக்குளத்தைச் சுத்தி நடை. கூட நாலு பேரு. டீக்கடையில பேப்பரை ஆளுக்கொரு தாளாப் பிச்சுக்கிட்டு அரசியல் சண்டை. ரேஷன் கடை, பேங்க், ஒரு கல்யாணம், ஒரு துட்டி. சாயங்காலத்துக்குள்ள முப்பது பேர்கிட்டயாவது பேசியிருப்பார். அம்மாவுக்குப் பூக்காரம்மா, எதிர்வீட்டு அக்கா, ஏலச்சீட்டு, கோயில், சித்திரைத் திருவிழா. "ரெண்டு நாளா ஆளைக் காணோமே"ன்னு கதவைத் தட்டக்கூடிய ஆளு ஒவ்வொரு தெருவுலயும் இருக்கு.

பெங்களூருல? நாம காலையில எட்டு மணிக்குக் கிளம்பினா ராத்திரி ஒன்பது. பேரப்புள்ள கையில போன். பாஷை தெரியாது. பக்கத்து வீட்டுக் கதவுல பேரு இருக்கும், ஆளு தெரியாது. நாற்பது வருசம் "சார்"னு ஊரே கூப்பிட்ட மனுசர், இங்க வாட்ச்மேனுக்கு "அந்த வீட்டுத் தாத்தா". மூணு வேளைச் சோறு போட்டு, ஏ.சி. ரூம் குடுத்து, ஒத்தையில அடைச்சு வைக்கிறதுக்கு என்ன பேரு? நீங்களே சொல்லுங்க.

"சும்மா சென்டிமென்ட் பேசாத, டேட்டா குடு"ன்னு கேப்பீங்க. இந்தாங்க. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன்ல ஒரு அறிக்கை விட்டுச்சு. உலகத்துல ஆறு பேர்ல ஒருத்தர் தனிமையில வாடுறார். அதோட தொடர்புள்ள சாவு வருசத்துக்கு 8,71,000. அதாவது மணிக்கு நூறு. 2010ல 148 ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்து, மூணு லட்சம் பேருக்கு மேல கணக்குப் பார்த்தாங்க. உறவு வட்டம் பலமா இருக்குறவங்க உயிரோட நீடிக்கிற வாய்ப்பு மத்தவங்களை விட 50 சதவீதம் கூடுதல். 2024ல லான்செட் குழு, டிமென்ஷியாங்கிற மறதி நோயைக் கூட்டக்கூடிய, நம்மால மாத்த முடிஞ்ச 14 விஷயங்களைப் பட்டியல் போட்டுச்சு. அதுல சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, புகை இதுகளோட, மனுசத் தொடர்பு அத்துப் போறதும் ஒண்ணு.

சர்க்கரைக்கு மாசாமாசம் டெஸ்ட் எடுக்குறோம். "இந்த மாசம் எத்தனை பேர்கிட்ட மனசு விட்டுப் பேசுனீங்க"ன்னு எவனாவது கேக்குறோமா?

நாம மட்டும் இல்ல, சட்டமும் அப்படித்தான். 2007ல பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்துச்சு. மாசம் 10,000 ரூபாய் வரைக்கும் தீர்ப்பாயம் வாங்கிக் குடுக்கலாம். "பராமரிப்பு"ன்னா அதுல என்ன? சோறு, துணி, இருப்பிடம், வைத்தியம். சரிதான், அது இல்லாம கெடக்குறவங்களுக்கு அது பெரிய காரியம். ஆனா நம்ம மண்டையிலயும் அந்த நாலு வார்த்தையோட பட்டியல் முடிஞ்சு போகுது. அதான் பிரச்சனை.

அடுத்து "ஆஸ்பத்திரி வசதி" வாதம். மதுரையில இல்லாத ஆஸ்பத்திரியா? பெரியாஸ்பத்திரி இருக்கு, அரவிந்த் இருக்கு. அரவிந்த் கதையே இந்தப் பதிவுக்குச் சாட்சி. மதுரை மருத்துவக் கல்லூரியில கண் பிரிவுத் தலைவரா இருந்த டாக்டர் ஜி.வெங்கடசாமி, 58 வயசுல ரிட்டயர் ஆனார். மூட்டுவாதத்துல விரல் கோணிப்போன கை. 1976ல உடன்பிறந்தவங்க, அவங்க குடும்பம்னு எல்லாரையும் சேர்த்துக்கிட்டு 11 படுக்கையோட ஆரம்பிச்சதுதான் அரவிந்த். 2006ல, 87 வயசுல காலமானார். "இத்தனை வருசம் உழைச்சது போதும், வந்து ஓய்வெடுங்க"ன்னு யாராவது அவரை ஒரு ஃபிளாட்டுல கொண்டுபோய் உக்கார வச்சிருந்தா?

அவர் பெரிய டாக்டரு, நம்ம வீட்டுல அப்படியாங்கிறீங்களா? அழகர்கோயில் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவைப் பாருங்க. கூலி வேலை பார்த்தவங்க. களஞ்சியம் குழுவுல பொம்பளைகளைத் திரட்டினவங்க. பிரதமரா இருந்த வாஜ்பாய் அவங்க கால்ல விழுந்தார். 2019ல பத்மஸ்ரீ. அவங்க சொத்து என்ன? தன்னைச் சுத்தி இருந்த பொம்பளைக கூட்டம். அந்தக் கூட்டத்தை விட்டுப் பிரிச்சா அது வைத்தியமா, வினையா?

ஊர் மேலயும் தப்பு இருக்கு. புது வீடு கட்டுறப்ப மொத வேலையா திண்ணையை இடிச்சுட்டு காருக்கு இடம் விடுறோம். நத்தம் ரோட்டுல 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலம் 2023ல திறந்தாச்சு. கீழ ரோட்டைக் கடக்குறதுக்குள்ள ஒரு பெரியவருக்கு உசுரு போயி வருது. அதே வருசம் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்துச்சு, சந்தோசம். ஆனா நடந்து போற தூரத்துல ஒரு படிப்பகம், உக்கார நிழல்ல ஒரு பெஞ்ச், சுத்தமான ஒரு கழிப்பறை, இது மூணும் இருந்தாத்தானே வயசானவங்க வாசப்படி தாண்டுவாங்க? பஸ்ஸுல பொம்பளைகளுக்கு 2021ல டிக்கெட் இல்லைன்னாங்க, நல்ல காரியம். ரயில்ல ஆம்பளைகளுக்கு 40, பொம்பளைகளுக்கு 50 சதவீதம்னு இருந்த மூத்தோர் சலுகையை 2020 மார்ச்சுல நிறுத்துனாங்க. கொரோனா ஓஞ்ச பிறகும் தரல. பேத்தி சடங்குக்கும் பழைய சிநேகிதன் சாவுக்கும் போக விடாம பண்ணிட்டு, முதியோர் நலம்னு மேடையில பேசி என்ன பிரயோசனம்?

"அப்ப பெத்தவங்களை அநாதையா விடச் சொல்றியா வெண்ணெய்?"னு ஒரு அனானி வரும். இல்லப்பா. படுக்கையில விழுந்துட்டா, நினைவு தப்பிட்டா, துணைக்கு ஆளே இல்லைன்னா கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. அவங்களே ஆசைப்பட்டு வந்தா தாராளமா வரட்டும். நான் கேக்குறது, முடிவு அவங்களோடதா இருக்கணும். அதுவரைக்கும் ஊருல அவங்க வட்டம் அறுந்து போகாம பார்த்துக்குறதுதான் நம்ம வேலை. கண் புரைக்கு ஆபரேசன், காதுக்கு மெஷின், இந்த ரெண்டையும் தள்ளிப் போடாதீங்க. காது கேக்காத மனுசர்தான் மொதல்ல சபையை விட்டு ஒதுங்குவார். மாடிப்படி இல்லாம கீழ்வீட்டுல வைங்க. கேமரா மாட்டுற காசுல கல்யாணம் காச்சிக்குப் போக வர வண்டி ஏற்பாடு பண்ணுங்க. அப்பாவோட நாலு சிநேகிதங்க நம்பர் உங்க போன்ல இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா இன்னைக்கே வாங்குங்க.

பாசம் காட்ட நமக்கு ஃபிளாட் இருக்கு. அவங்களுக்கு உசுரு தர்றது ஊரு.

டிஸ்கி: "எங்க மாமனாரு பெங்களூருல ஜாலியா இருக்காரு"ன்னு பின்னூட்டம் போடுறவங்க, அவரையே டைப் பண்ணச் சொல்லுங்க :-)