பத்து கோடி பாட்டுல அந்த ஒரு பாட்டைக் காணோம்!



உங்க செல்போன்ல எத்தனை பாட்டு இருக்குனு கேட்டா, 'எல்லாப் பாட்டும் இருக்கு பாஸ்'னு கெத்தா சொல்வீங்க. தப்பில்லை. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் ரெண்டுமே '10 கோடிக்கும் மேல'னுதான் விளம்பரம் பண்றாங்க. ஆனா, 2023 மார்ச்சுல நடந்தது ஞாபகம் இருக்கா? ஸ்பாட்டிஃபைக்கும் ஜீ மியூசிக்குக்கும் ஒப்பந்தம் முடிஞ்சு, அடுத்த பேரம் படியலை. அவ்வளவுதான்... நேத்து வரைக்கும் கேட்டுட்டு இருந்த இந்திப் பாட்டெல்லாம் ப்ளேலிஸ்ட்ல சாம்பல் கலர்ல படுத்துடுச்சு. தட்டினா பாடலை, திட்டினாலும் பாடலை!

அந்தப் பாட்டுகள் சில வாரத்துல திரும்பி வந்தாச்சு. இருபது, முப்பது வருஷமா வராத பாட்டுகளும் இருந்திருக்கு. அதுவும் யாரும் சீண்டாத பாட்டு இல்லை, நம்பர் ஒன் ஹிட்! ஆப்ல இல்லாத பாட்டுன்னா 'யாருக்கும் பிடிக்கலை, அதான் மறந்துட்டாங்க'னு நாம முடிவு பண்ணிடறோம். பல சமயம் மேட்டர் அது இல்லை. எங்கேயோ ஒரு ஆபீஸ் ஃபைல்ல ஒரு காகிதம் மாட்டிக்கிட்டு இருக்கும்.

நியூயார்க் பக்கத்துல லாங் ஐலேண்ட். அங்கே ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் மூணு பேர் சேர்ந்து 'டி லா சோல்'னு ஒரு ராப் குழு ஆரம்பிச்சாங்க. அதுல ஒருத்தர் டேவிட் ஜோலிகோர். மேடைப் பேரு 'ட்ரூகாய்'. இங்கிலீஷ்ல யோகர்ட்னு, அதாங்க தயிர், எழுதி அதைத் திருப்பிப் படிச்சா வர்ற பேரு அது. மனுஷனுக்குத் தயிர்னா அவ்வளவு இஷ்டம். நம்ம தயிர் சாத கோஷ்டிக்கு அமெரிக்காவுல ஒரு அண்ணன்!

1989 மார்ச் 3-ம் தேதி இவங்களோட முதல் ஆல்பம் '3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' வந்தது. துப்பாக்கி, தகராறுனு ராப் முறைச்சுக்கிட்டு இருந்த நேரத்துல, பூப்போட்ட சட்டையும் ஜோக்குமா வந்து நின்னாங்க. பாட்டு மொத்தமும் பழைய இசைத்தட்டுகளில் இருந்து வெட்டி எடுத்த துண்டுகள். ஜானி கேஷ் குரல் ஒரு இடத்துல, ஸ்டீலி டேன் ஒரு இடத்துல, பிரெஞ்சு மொழி சொல்லித் தர்ற ரெக்கார்டு ஒரு இடத்துல... இதுக்குப் பேருதான் சாம்ப்ளிங். மலேசியாவுல யோகி பி குழு 2006-ல இளையராஜாவோட 'மடை திறந்து'வை எடுத்து அதுமேல ராப் ஏத்தினாங்களே, அந்த மாதிரி. என்ன, இவங்க ஒரே ஆல்பத்துல டஜன் டஜனா எடுத்துட்டாங்க. அனுமதி கேட்காம விட்ட ஒரு துண்டுக்கு 'தி டர்ட்டில்ஸ்' குழுக்காரங்க கேஸ் போட்டு, கோர்ட்டுக்கு வெளியே செட்டில்மென்ட் ஆச்சு.

சரி, அனுமதி வாங்கின துண்டுகளுக்காவது பிரச்னை இருந்திருக்கக் கூடாதுல்ல? அங்கேதான் வேடிக்கை. அப்போ எழுதின பத்திரங்களில் இசைத்தட்டு, கேசட் மாதிரி அந்தக் காலச் சமாசாரம்தான் இருந்தது. டவுன்லோடு, ஸ்ட்ரீமிங்னு ஒரு வார்த்தை கிடையாது. 1989-ல யாருக்கு அது தெரியும்? ஐடியூன்ஸ் ஸ்டோர் திறந்ததே 2003-ல. அதனால, ஆல்பத்தை நெட்ல விக்கணும்னா ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு வாசலா மறுபடி போய் நிக்கணும். வக்கீல் செலவு, பேரம், தலைவலி. கையில உரிமை வெச்சிருந்தவங்க கிடக்கட்டும்னு விட்டுட்டாங்க.

காமெடி என்னன்னா, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 'இது நாட்டோட சொத்து, பாதுகாக்கணும்'னு 2010-ம் வருஷப் பட்டியல்ல இதே ஆல்பத்தைச் சேர்த்தது. நூலகத்துல பத்திரமா இருக்கு, காலேஜ் பையன் காசு கொடுத்துக் கேட்கலாம்னா வழியில்லை! அவங்களே கடுப்பாகி, 2014 காதலர் தினத்தன்னிக்கு 25 மணி நேரம் தங்களோட பழைய ஆல்பங்களை நெட்ல இலவசமா அள்ளிக் கொடுத்தாங்க. சொந்தப் பாட்டை விக்க முடியாதவன் வேற என்ன செய்வான்? அடுத்த ஆல்பத்துக்கு ரசிகர்கள்கிட்ட பணம் திரட்டி, தாங்களே ஆர்ட்டிஸ்ட்களை உட்கார வெச்சு 200 மணி நேரத்துக்கும் மேல வாசிக்கச் சொல்லி, அதுல இருந்து துண்டு வெட்டிக்கிட்டாங்க. இனிமே எவன் வாசல்லயும் நிக்க வேணாம் பாருங்க. 2016-ல வந்த அந்த ஆல்பம் கேட்க நல்லாத்தான் இருக்கும்; ஆனா பழைய குறும்பு அதுல இல்லைங்கிறது என் அபிப்பிராயம்.

2021-ல அவங்களோட பழைய லேபிள் கை மாறுச்சு. புது ஓனர்கள் உட்கார்ந்து பத்திரங்களை ஒவ்வொண்ணா சரி பண்ணாங்க. சரியா 34 வருஷம் கழிச்சு, 2023 மார்ச் 3-ம் தேதி ஆல்பம் ஆப்களில் வந்தது. அதுக்கு 19 நாள் முன்னாடி, பிப்ரவரி 12-ம் தேதி ட்ரூகாய் இறந்துட்டார். வயசு 54.

அடுத்தது ஆலியா. 2000-ல இவங்க பாடின 'ட்ரை அகெய்ன்', கடையில ஒரு சிங்கிள்கூட விக்காம, ரேடியோவுல ஓடின கணக்கை மட்டும் வெச்சே பில்போர்டு நம்பர் ஒன் ஆச்சு. அப்படி ஆன முதல் பாட்டு அதுதான். 2001 ஆகஸ்ட்ல பஹாமாஸ்ல விமான விபத்து. வயசு 22. அவங்க ஆல்பங்களோட உரிமை சொந்த மாமா பேரி ஹேங்கர்சனோட 'பிளாக்கிரவுண்ட்' கம்பெனிகிட்ட இருந்தது. வேற கம்பெனி கையில இருந்த முதல் ஆல்பம் மட்டும் ஆப்களில் கிடைச்சது. புகழ் தந்த மத்த ரெண்டும் 2021-ல தான் வந்தது. இடையில ஒரு தலைமுறையே அந்தக் குரலைக் கேட்காம வளர்ந்து, வேலைக்கும் போயிடுச்சு.

அதே கம்பெனியில மாட்டின இன்னொரு பொண்ணு ஜோஜோ. 2004-ல 'லீவ்'னு ஒரு பாட்டு, 'வெளியே போடா'னு பாய்ஃப்ரெண்டைத் துரத்துற பாட்டு. பாடினப்போ 13 வயசு! ரெண்டு ஆல்பம் ஹிட். அப்புறம் ஆப் காலம் வந்துச்சு, பாட்டு வரலை. கோர்ட்டுக்குப் போய் 2014-ல ஒப்பந்தத்துல இருந்து வெளியே வந்தாங்க. பழைய பதிவுகள் மட்டும் கம்பெனிகிட்டயே. இங்கே ஒரு நுணுக்கம் கவனிங்க. பாட்டு வேற, பதிவு வேற. மெட்டும் வரியும் எழுதினவங்களோடது. ஸ்டூடியோவுல பதிவான ஒலி கம்பெனியோடது. உரிய கட்டணத்தைக் கட்டிட்டா அதே மெட்டை யாரும் புதுசா பாடிப் பதியலாம். பாடினவங்களே திரும்பப் பாடக் கூடாதுனு ஒப்பந்தத்துல வர்ற கெடு முடிஞ்சதும், 2018 டிசம்பர்ல ஜோஜோ ரெண்டு ஆல்பத்தையும் முதல்ல இருந்து பாடி வெளியிட்டாங்க. டெய்லர் ஸ்விஃப்ட் இதே மாதிரி ஆல்பங்களை வெளியிட ஆரம்பிச்சது 2021-ல. திரும்பப் பாடி வெளியிட்டப்போ ஜோஜோவுக்கு வயசு 28. அதே 'வெளியே போடா', ஆனா குரல்ல குழந்தை இல்லை. ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க, என்னவோ செய்யும்.

இவங்க எல்லாருக்கும் பேர் இருந்தது, போராட முடிஞ்சது. பேர் இல்லாதவங்க? 2000-களில் உலகம் முழுக்க கேரேஜ்ல, ஹாஸ்டல்ல பாட்டு போட்ட பசங்க மைஸ்பேஸ்லதான் ஏத்தினாங்க. சர்வர் மாத்தினப்போ 2015-க்கு முன்னால ஏத்தினது எல்லாம் போச்சுனு 2019-ல அந்தக் கம்பெனியே சொன்னது. 5 கோடிக்கும் மேல பாட்டுனு அப்போ செய்தி வந்தது. அதுல 4 லட்சத்து 90 ஆயிரம் பாட்டு மட்டும் தப்பிச்சது. எப்படி? யாரோ ஆராய்ச்சிக்காரங்க முன்னாடியே காப்பி பண்ணி வெச்சிருந்தாங்க. அதை இன்டர்நெட் ஆர்க்கைவ்கிட்ட கொடுத்தாங்க.

உங்க காலேஜ் மியூசிக் கிளப் பீரோவைக் கொஞ்சம் திறந்து பாருங்களேன். சீனியர்ஸ் கல்ச்சுரல்ஸுக்குப் போட்ட சொந்தப் பாட்டு சிடி ஒண்ணு ரெண்டு தூசியோட கிடக்கும். எழுதிப் பதியற வகை சிடி பாஸ் அது, ரொம்ப வருஷம் தாங்காது. இந்த செமஸ்டர்லயே கம்ப்யூட்டர்ல ஏத்தி, ரெண்டு இடத்துல காப்பி வைங்க. மேல மார்க்கர்ல எழுதியிருக்கிற பேரு, வருஷம் எதையும் விடாம டைப் பண்ணி வைங்க. ஆப்புக்குள்ள டவுன்லோடு பண்ணி வெச்சா போதும்னு நினைக்காதீங்க, அது ஆப்போட ஆயுசு வரைக்கும்தான். ஏர்டெல்லோட 'விங்க்' 2024-ல கடையைச் சாத்தினதைப் பார்த்தோம்ல?

பீரோவுல என்ன கிடைச்சதுனு எழுதுங்க. சாவி யார்கிட்ட இருக்குனு கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆகும், தெரியும். அதனால அடுத்த மாசம் வரைக்கும் டைம்!