22 மணி நேரம்

"கம்பி போடாம, கண்ணுக்குத் தெரியாத கிளிப் போடுறாங்களாமே டாக்டர், அது இங்க கிடைக்குமா?" போளூரில் பல் மருத்துவமனை நடத்தும் நண்பர் ஒருவரிடம் இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர்களில் மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய அப்பாக்கள் உண்டு. வேலூருக்குப் பேருந்தில் போய்ப் படிக்கும் பிள்ளைகள் உண்டு. ஜமுனாமரத்தூரிலிருந்து மலையிறங்கி வருபவர்களும் உண்டு. சென்னையில் மட்டும் கேட்ட கேள்வி ஜவ்வாது மலையடிவாரத்துக்கு வந்துவிட்டது. அதற்குப் பல் மருத்துவர்களான நாம் சொல்லும் பதில் நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்தக் கண்ணுக்குத் தெரியாத கிளிப்தான் அலைனர். முதலில் அதற்குச் சாதகமானதைச் சொல்லிவிடுகிறேன். மலையில் இருப்பவருக்கு ஒரு பிராக்கெட் கழன்றால், கம்பி முனை கன்னத்தில் குத்தினால், அதற்காக ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுக் கீழே வர வேண்டும். அலைனரில் இந்தத் தொல்லை குறைவு. அடுத்தடுத்த சில அலைனர் தட்டுகளை மொத்தமாகக் கொடுத்து அனுப்பலாம். ஆறு, எட்டு வாரங்களுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். கழற்றிவிட்டுப் பல் துலக்கலாம். தூரத்து நோயாளிக்கு இது சிறிய வசதி அல்ல.

இதன் அடிப்படை எண்ணமும் புதிதல்ல. 1945இலேயே கெஸ்லிங் என்ற பல் சீரமைப்பு மருத்துவர், ரப்பரால் செய்த 'பொசிஷனர்' கொண்டு பற்களைச் சிறுகச் சிறுக நகர்த்தலாம் என்று எழுதினார். 1997இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட அலைன் டெக்னாலஜி அதைக் கணினியோடு சேர்த்தது. ஒரு தட்டு ஒரு பல்லை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நகர்த்தும். அதுவும் நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருந்தால்தான்.

அந்த 22இல்தான் நம் ஊரில் சிகிச்சை தடுமாறுகிறது. மிச்சம் இரண்டே மணி நேரம். காலையில் ஒரு டீ, டிபன், பதினொரு மணிக்கு இன்னொரு டீ, மதியச் சாப்பாடு, மாலை டீயோடு இரண்டு வடை, ராத்திரிச் சாப்பாடு, இடையில் யாராவது வீட்டுக்கு வந்தால் ஒரு காபி. ஒவ்வொரு முறையும் கழற்றி, வாய் கொப்பளித்து, மறுபடி மாட்ட வேண்டும். கழற்றச் சோம்பல்பட்டு, மாட்டியபடியே சூடான டீ குடித்து, தட்டு நெளிந்து போய் வந்தவர்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். என்னிடம் வந்த கல்லூரி மாணவி ஒருவர் கல்யாணப் பந்தியில் கீழ்த்தட்டைக் கழற்றி இலை ஓரத்தில் வைத்திருக்கிறார். பாயசம் குடித்து, பேச்சு சுவாரசியத்தில் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார். ஞாபகம் வந்து ஓடிப்போய்ப் பார்த்தபோது எச்சில் இலைகள் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. முந்தைய தட்டைப் போட்டுக்கொள்ளும்படி நான் சொல்லியிருக்க வேண்டும். முதல் நாளே சொல்லத் தவறியிருந்தேன். புதுத்தட்டு வருவதற்குள் பற்கள் திரும்ப நகர்ந்துவிட்டன.

அடுத்தது, எந்தப் பல்லுக்கு என்பது. லேசான நெரிசல், சின்ன இடைவெளி, சிகிச்சை முடிந்து ரீட்டெய்னர் போடாமல் மீண்டும் கோணியவை இவற்றுக்கு அலைனர் நன்றாக வேலை செய்யும். ஆனால் நம்மிடம் அதிகம் வருவது எத்துப்பல். இரண்டு தாடையிலும் பற்கள் முன்துருத்தி, உதடு மூடாமல் வருகிறார்கள். நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு முன்பற்களைப் பின்னுக்கு இழுக்கும்போது, அலைனர் பல்லின் தலையைச் சாய்க்கும். வேர் கூடவே வராது. அனுபவம் இல்லாதவர் கை வைக்கக்கூடாத இடம் இது. கோரைப்பல்லைத் திருப்புவதும், பல்லைக் கீழிறக்குவதும் இன்னும் கடினம். கிராவிட்ஸ் குழுவினர் 2009இல் அளந்தபோது, கணினியில் திட்டமிட்ட அசைவில் சராசரியாக 41 சதவீதமே வாயில் நடந்திருந்தது. 2020இல் அதே வழியில் மீண்டும் அளந்தபோது 50. பொருளும் மென்பொருளும் அவ்வளவு மாறிய பிறகும் பாதிதான்.

பக்கத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து வருபவர்களின் எனாமலையும் கவனியுங்கள். ஃபுளூரைடு கறை படிந்த பல்லில், அலைனர் பிடித்துக்கொள்ள ஒட்டும் அட்டாச்மெண்ட் எளிதில் கழன்றுவிடும்.

அலைனர் நிறுவனம் அனுப்பும் கணினித் திட்ட வீடியோவில் பற்கள் அழகாக வரிசைக்கு வருகின்றன. அதைப் பார்த்த மகிழ்ச்சியில் ஒப்புதல் பொத்தானை அழுத்திவிடுகிறோம். ஓபிஜி எக்ஸ்ரே எடுக்காமல், ஈறின் ஆழத்தை அளக்காமல், ஸ்கேன் மட்டும் எடுத்து அனுப்புவது தபால்காரர் வேலை. நாம் படித்தது அதற்கல்ல. மருத்துவரை நேரில் பார்க்காமலே தட்டுகளை வீட்டுக்கு அனுப்பிவந்த ஸ்மைல்டைரக்ட்கிளப் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் போக இடமின்றி நின்றார்கள். போளூரில் நம்மிடம் வருபவருக்கு நாம் இருக்கிறோம். பிழை நேர்ந்தால் அவர் வந்து நிற்பது நம் வாசலில்தான். கடினமான கேஸை வேலூரிலோ திருவண்ணாமலையிலோ உள்ள பல் சீரமைப்பு நிபுணரிடம் அனுப்புவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

ஒன்று செய்யுங்கள். ஸ்கேனரைக் கையில் எடுக்கும் முன், அவர் எத்தனை முறை சாப்பிடுகிறார், எத்தனை டீ குடிக்கிறார், எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். தட்டைக் கழற்றியிருக்கும் நேரத்தைக் கூட்டினால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுகிறதா? அவருக்குக் கம்பியே போடுங்கள். ரீட்டெய்னர் செலவையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

நம் இதழின் சார்பில் ஒரு வேண்டுகோள். சிரித்த முகத்தோடு முடிந்த கேஸ்கள் நிறைய வருகின்றன. அலைனரில் தொடங்கி, பாதியில் கம்பிக்கு மாற்ற நேர்ந்த கேஸ்களையும் படங்களோடு எழுதி அனுப்புங்கள். நோயாளியின் பெயரும் முகமும் வேண்டாம். அவற்றை வெளியிடுவோம்.