விதையிலும் அளவறிவோம்



ஒரு வித்து ஏழு கதிர்களை ஈன்று, கதிருக்கு நூறு மணிகளாகப் பெருகும் உவமையைத் திருமறையின் இரண்டாம் அத்தியாயத்தில் ஓதி வருகிறோம். இறைவழியில் செலவிடுவோரின் நற்கூலிக்குக் கூறப்பட்ட உவமை அது. எனினும், ஒரே மணிக்குள் அல்லாஹ் வைத்துள்ள பரக்கத்தையும் அது நினைவூட்டுகிறது. அத்தகைய விதையை நாம் அளவறிந்து தூவுகிறோமா?

ஏக்கருக்கு முப்பது கிலோ விதைநெல் என்பது பல ஊர்களில் ஊறிப்போன பழக்கம். நடுத்தர நெல்லில் ஆயிரம் மணிகளின் எடை ஏறத்தாழ 22 கிராம். ஆக, முப்பது கிலோவில் பதின்மூன்று லட்சம் மணிகளுக்கு மேல் உள்ளன. சதுர மீட்டருக்கு 50 குத்துகள், குத்துக்கு மூன்று நாற்றுகள் என நெருக்கி நட்டாலும், ஏக்கருக்கு (4,047 சதுர மீட்டர்) ஆறு லட்சம் நாற்றுகளே வேண்டும்.

ஒற்றை நாற்று நடவிலோ இடைவெளி இருபுறமும் 25 செ.மீ. சதுர மீட்டருக்கு 16 குத்துகள். ஏக்கருக்குச் சுமார் 65,000 நாற்றுகள். நூற்றுக்கு எண்பதே முளைக்குமென்று கொண்டாலும் 1,800 கிராம் விதை போதும். பழுதாகும் நாற்றுகளுக்கும் சேர்த்து, இம்முறைக்கு இரண்டு முதல் மூன்று கிலோவே பரிந்துரைக்கப்படுகிறது. மிச்சமாகும் 27 கிலோ நெல்லைக் குற்றினால் பதினாறு கிலோ அரிசியேனும் தேறும். ஓர் ஏழை வீட்டின் அடுப்பு எத்தனை நாள் எரியும்!

பின் ஏன் அள்ளித் தூவுகிறோம்? "முளைக்காமற் போனால்?" என்னும் அச்சமே காரணம். அதற்கு மருந்து எளிது. நூறு மணிகளை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி, காயாமல் வைத்து, ஒரு வாரங் கழித்து முளைத்தவற்றை எண்ணுங்கள். எண்பதுக்குக் குறையாதிருப்பின் நல்விதை. முட்டை மிதக்குமளவு உப்புக் கரைத்த நீரில் விதைநெல்லை இட்டால் பதர் மிதக்கும். அதை நீக்கி, மூழ்கியதை நன்னீரில் இருமுறை அலசி விதையுங்கள். நாற்றங்காலில் நெருக்கி விதைத்தால் நாற்று மெலிந்து நோஞ்சானாகும் என்பதையும் மறவாதீர்கள்.

ஒன்று கவனிக்க: ஒற்றை நாற்றுக்குச் சமன்செய்த வயலும், பதினைந்து நாளுக்குட்பட்ட இளநாற்றும், காலத்தே களையெடுப்பும் இன்றியமையாதவை. விதையைக் குறைப்பவர் உழைப்பைக் குறைக்கலாகாது.

சோதித்து, கணக்கிட்டு, விதைத்து, அதன்பின் இறைவனிடம் பொறுப்புச் சாட்டுவதே தவக்குல். சோதியாமல் வாரியிறைப்பது வீண்விரயம். வல்ல அல்லாஹ் நம் வயல்களிலும் வாழ்விலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.