எடை மட்டும் போதுமா?

மாணவர்களே, செம்புச் சல்பேட்டுக் கரைசலில் மின்சாரம் செலுத்தும் பரிசோதனையை நீங்கள் பள்ளி ஆய்வகத்தில் செய்திருப்பீர்கள். தொடக்கத்திலும் முடிவிலும் எதிர்மின்வாயின் எடையைப் பார்த்து, எத்தனை கிராம் செம்பு படிந்தது என்று எழுதுவோம். இடையில் நடப்பதை யாரும் கவனிப்பதில்லை. நானும் இதுவரை அப்படித்தான் கற்பித்து வந்தேன். அது போதாது என்பதே இப்போது என் கருத்து.

கைப்பேசியில் உள்ள லித்தியம் பேட்டரியை எண்ணிப் பாருங்கள். மிக வேகமாக மின்னேற்றும்போது சில வேளைகளில் லித்தியம் மின்வாயின் மேல் உலோகமாகப் படிந்து, மரக்கிளைபோல் வளரும். இரு மின்வாய்களையும் பிரிக்கும் மெல்லிய படலத்தை அந்தக் கிளை துளைத்துவிட்டால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்கக்கூடும். இங்கே எவ்வளவு படிந்தது என்பதோடு, எப்படி வளர்ந்தது என்பதும் தெரிய வேண்டும். பிறகு பிரித்துப் பார்க்கலாம் என்றால், லித்தியம் காற்றுடன் வினைபுரிந்து உருமாறிவிடும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கலாமே என்பீர்கள். அதன் உள்ளே வெற்றிடம். திரவத்தைத் திறந்து வைத்தால் ஆவியாகிவிடும். ஐபிஎம் நிறுவனத்தில் பிரான்சிஸ் ராஸ் என்ற பெண் அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். இரண்டு சிலிக்கான் சில்லுகளுக்கு நடுவே திரவத்தை அடைத்து, எலக்ட்ரான்கள் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சிலிக்கான் நைட்ரைடு சன்னல்களை வைத்தார்கள். 2003இல் வெளியான அந்த ஆய்வில் அவர்கள் பார்த்தது என்ன தெரியுமா? மின்வாயில் செம்பு படிவதை! நாம் பள்ளியில் செய்யும் அதே வினைதான். பின்னர் வந்த ஆய்வாளர்கள் இதே முறையில் லித்தியம் வளர்வதையும் நேரில் கண்டார்கள்.

இம்முறைக்கும் குறை உண்டு. எலக்ட்ரான் கற்றையே திரவத்தைச் சிதைக்கும். அதனால், கண்ட மாற்றம் பேட்டரியால் வந்ததா, கற்றையால் வந்ததா என்று ஆய்வாளர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். கற்றையைக் குறைத்தும் நிறுத்தியும் அதே வினையை மீண்டும் நடத்தி ஒப்பிடுகிறார்கள். தம் கருவியையே சந்தேகிக்கும் இந்த நேர்மையும் நமக்குப் பாடம்தான்.

எஸ்பிஎம் தேர்வில் இதற்குப் புள்ளி கிடைக்குமா என்று கேட்கலாம். கிடைக்காமல் போகலாம். ஆனால், பினாங்குப் பாலத்தைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனால் கூலிம். அங்கே லித்தியம் பேட்டரித் தொழிற்சாலை இருக்கிறது. நாளை அங்கு பொறியாளராகப் போகிறவர் உங்களில் ஒருவராக இருக்கலாம். எடையை மட்டும் எழுதிப் பழகியவர், பேட்டரி ஏன் கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

அடுத்த முறை அந்தப் பரிசோதனையைச் செய்யும்போது, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பீக்கரின் வெளியிலிருந்து பூதக்கண்ணாடியால் பாருங்கள். கண்டதை வரையுங்கள். ஆசிரியரின் அனுமதியோடு மின்னோட்டத்தைச் சற்றுக் கூட்டி, படிவு எப்படி மாறுகிறது என்றும் கவனியுங்கள். அறிக்கையில் எடைக்குப் பக்கத்திலேயே அந்தப் படங்களும் இருக்கட்டும்.